ஜாக்கி மேல நின்ன வீடுகள்

கட்டடத் தொழில்ல எல்லாரும் வீட்டைக் கட்டுவாங்க, நாங்க கட்டின வீட்டைத் தூக்குவோம்.

நெஜமாத்தாங்க! காருக்கு டயர் மாத்தும்போது கீழ ஜாக்கி வெப்பாங்கல்ல, அதே ஐடியாதான். என்ன, இங்க ஒரு வீட்டுக்கு நூத்துக்கணக்குல ஜாக்கி. சுவத்தோரமா பள்ளம் தோண்டி, அஸ்திவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டை போட்டு, உத்தரம் மாதிரி இரும்பு சேனல் சொருகி, அதுக்கு அடியில ஜாக்கியை உக்கார வெப்போம். எல்லாம் உக்காந்ததும் மேஸ்திரி விசில் அடிப்பார். ஒவ்வொரு ஆளும் தன் ஜாக்கிக்கெல்லாம் ஒரு திருகு. விசில், திருகு. விசில், திருகு. சுவரும் கூரையும் நூல் நூலா மேல போகும். தரை மட்டும் கீழயே கெடக்கும். அப்புறம் அதுக்கு மண்ணு ரொப்பி புதுசா டைல்ஸ் போட்டுக்கணும்.

ஏன் தூக்குறோம்னு தாம்பரம், முடிச்சூர், இரும்புலியூர் பக்கம் ஒரே ஒரு மழைக்காலம் இருந்தவங்களுக்குக்கூட சொல்லத் தேவையில்ல. 2015ல வந்த தண்ணி ஒரு ரகம், மிக்ஜாம் புயல்ல வந்தது ஒரு ரகம், நடுவுல பேரே வெக்காம வந்துட்டுப் போன மழையெல்லாம் தனி. இது போதாதுன்னு ரோடு போடுறப்போல்லாம் பழைய ரோட்டு மேலயே புது ரோடு. ரோடு ஏற ஏற வீடு எறங்கும்.

டிப்ளமோ சிவில் முடிச்சதும் ரெண்டு வருஷம் அந்த வேலையில சைட் சூப்பர்வைசரா இருந்தேன். இப்போ ஏசி ரூம்ல டிராயிங் போட்டுட்டிருக்கேன். பெரிய ஷீட்டு பிரிண்ட் ஆகி வெளிய வர்ற கேப்ல இதை டைப் பண்றேன், அங்கங்க தாவினா மன்னிச்சிருங்க. சைட்ல நின்னு கருத்துப்போன சொந்தங்களுக்கும், ரெட் அலர்ட்னு கேட்டவுடனே ஃப்ரிட்ஜுக்கு அடியில வெக்க செங்கல் தேடுற சொந்தங்களுக்கும் இது சமர்ப்பணம்.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன். நான் அந்த வேலையில சேந்ததே ஒரே ஒரு வீட்டைத் தூக்கத்தான். இரும்புலியூர்ல இருக்குற எங்க வீடு. அடுத்த மழைக்குள்ள தூக்கிடணும். நான் ரெடி, அம்மா ரெடி. அப்பா மட்டும் முடியவே முடியாதுன்னுட்டார்.

நீயா?

மொத சைட்டு முடிச்சூர்ல. தலையை விட ரெண்டு சைஸ் பெரிய ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு கேட்டைத் தட்டினேன். வீட்டுக்கார அக்கா கதவைத் தொறந்து, எனக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாத்தாங்க. இன்ஜினியர் வண்டியை பார்க் பண்ணிட்டு வருவார்னு நெனச்சிட்டாங்க போல. சைட் சூப்பர்வைசர் சுபா நான்தான்னு சொன்னதும் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை அளந்தாங்க. "எங்க வீட்டுக்காரர் ஒரு கட்டிலை நகத்தவே மூணு பேரைக் கூப்பிடுவார். நீயாம்மா இந்த வீட்டைத் தூக்கப் போற?"

அதுக்குள்ள ஆளுங்க வண்டி வந்து நின்னுச்சு. எங்க மேஸ்திரி ராம்பால் அண்ணன்தான் காப்பாத்தினார். அவருக்கு ஊரு ஹரியானா. தாம்பரத்துக்கு வந்து பத்து வருஷம் இருக்கும். தமிழ் முழுக்க சைட்லயே கத்துக்கிட்டது, அதனால வாங்க போங்கல்லாம் அவர் கிட்ட கெடையாது. ஓனரோ கலெக்டரோ எல்லாரும் "நீ"தான். விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டு பொறுமையா சொன்னார்: "பாப்பா தூக்காது அக்கா. பாப்பா திருகு எண்ணும். நாங்க தூக்கும். நீ டீ போடும்."

எத்தனை அடி?

எங்க ஃபார்ம்ல மொத கேள்வியே எத்தனை அடி தூக்கணும்ங்கிறதுதான். ஆனா எந்த ஊர்லயும் எவரும் தண்ணியை அடிக்கணக்குல சொல்லி நான் கேட்டதில்ல. ஸ்விட்ச் போர்டு வரைக்கும்பாங்க. பீரோ கண்ணாடியில பாதிம்பாங்க. ஒரு தாத்தா, "கட்டில்ல படுத்துக்கிட்டே கையை நனைச்சேன்"னார். அதையெல்லாம் டேப் வெச்சு அளந்து அடியா மாத்துறது என் தலையெழுத்து.

மேற்கு தாம்பரத்துல ஒரு வீடு. அந்த சார் மூணு அடி போதும்னார். "2015ல கேஸ் ஸ்டவ் கால் வரைக்கும்தான் வந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." உள்ளேர்ந்து அவர் மனைவி கையைத் தொடச்சுக்கிட்டே வந்தாங்க. ஸ்டவ்வா, மிக்ஸியே முழுகிப்போச்சு, மூடி மட்டும் ஹால்ல மெதந்துச்சுன்னாங்க. மிக்ஸி செல்ஃப் மேலல்ல இருக்கும்னு இவர் கேக்க, அந்த செல்ஃபையே அதுக்கப்புறம்தான் மேல ஏத்தி அடிச்சோம்னு அவங்க சொல்ல, நான் மூணை அடிச்சு நாலு, நாலை அடிச்சு மூணுன்னு ஃபார்மை நாசம் பண்ணிட்டு நின்னேன். கடைசியில அந்தம்மா என் பேனாவைத் தொட்டு நிறுத்தினாங்க. "நாலுன்னே எழுதும்மா. சார் அப்போ பெங்களூர்ல இருந்தாரு. அவர் சொல்றது டிவியில பாத்த தண்ணி."

அப்பாவோட கணக்கு

2015ல எங்கப்பா ஹீரோ. எங்க தெருவுல நாகராஜ் சார்னு சொன்னா இன்னிக்கும் அந்தக் கதைதான் சொல்லுவாங்க. இடுப்பளவு தண்ணியில பக்கத்து வீட்டுக் கொழந்தைங்க ரெண்டு பேரையும் தோள்ல ஏத்திக்கிட்டு மாடியில கொண்டு போய் விட்டார். எதிர் வீட்டு மொட்டை மாடியில தார்ப்பாய் கட்டி மூணு நாள் தெருவுக்கே கிச்சடி. நானும் என் ஃப்ரெண்ட்ஸும் அதை வெள்ளம்னே நெனக்கல, டூர்னு நெனச்சோம். இப்பவும் கிச்சடி வாசனை வந்தா எனக்கு அந்த மாடிதான் ஞாபகம் வரும்.

அப்புறம் ரயில்வேல ரிட்டயர் ஆன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக். பொழைச்சு எழுந்துட்டார், ஆனா வலது கால் இழுக்கும். வாக்கர் புடிச்சுத்தான் நடப்பார். மிக்ஜாம்ல தண்ணி ஏறினப்போ எங்க தெருப் பசங்க நாலு பேர் அவரை பிளாஸ்டிக் சேரோட தூக்கிட்டுப் போய் படகுல வெச்சாங்க. சாமி ஊர்வலம் போற மாதிரி போனார். எல்லாரும் சிரிச்சோம், அவரும் கை ஆட்டினார். மாமா வீட்டுக்குப் போய் எறங்கினதுக்கப்புறம் ரெண்டு நாள் யார் கிட்டயும் பேசல.

அதனாலதான் நான் வீட்டைத் தூக்கலாம்னு ஆரம்பிச்சேன். நாலு அடி ஒசத்தினா போதும், இனிமே யாரும் உங்களைத் தூக்க வேணாம்பான்னு கெஞ்சினேன். அவர் பேப்பரை மடிச்சு வெச்சார். தெனம் காலையில வாக்கரோட தெருமுனை டீக்கடைக்குத் தனியா போவார், அதுக்கு பன்னெண்டு நிமிஷம் ஆகும். யாரும் கூட வரக் கூடாது. அதுதான் அவருக்கு எல்லாம். "நாலு அடின்னா ஏழு படி. ஏழு படி நான் எறங்க மாட்டேன். தண்ணி வருஷத்துக்கு நாலு நாள் வரும், டீக்கடைக்கு நான் தெனம் போகணும். நீ எந்த காலேஜ்ல கணக்கு படிச்ச?"

அழுக்குக் கோடு

இது என் தப்பு. இன்னிக்கு நெனச்சாலும் காது சூடாகுது.

முடிச்சூர்ல ஒரு பூட்டின வீடு, ஓனர் வெளிநாட்டுல. உள்ள அளக்க முடியல. சரின்னு பக்கத்து வீட்டு வெளிச்சுவத்தைப் பாத்தேன். வெள்ளம் வடிஞ்சா சுவத்துல ஒரு காப்பிக் கலர் கோடு நிக்கும், பாத்திருப்பீங்க. அந்தக் கோடு பளிச்சுனு இருந்துச்சு. டேப் வெச்சா ரோட்டுலேர்ந்து ஏழரை அடி! உடனே ஓனருக்கு போன் போட்டு, சார் உங்க தெருவுல ஏழரை அடி தண்ணி வந்திருக்கு, எட்டு அடியாவது தூக்கணும்னு சொன்னேன். அந்தப் பக்கம் மனுஷன் தலை சுத்திப்போய், வித்துடலாமான்னு கேக்க ஆரம்பிச்சிட்டார்.

எதிர்ல ஒரு இஸ்திரி வண்டி. அந்த அண்ணன் ரொம்ப நேரமா என்னையே பாத்துட்டிருந்தார். "இன்னா பாப்பா, அந்த செவுத்தையே பாத்துகினு கீற?" நான் வெவரம் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வெச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்தார். அந்தப் பக்கத்து வீட்டை வேற ஒரு பார்ட்டி போன வருஷமே தூக்கிட்டுப் போயிருக்காங்க. கோடும் சுவத்தோட சேந்து மேல போயிருக்கு. கீழ புதுசா கட்டின செங்கலைப் பூசி பெயின்ட்டும் அடிச்சிட்டதால எனக்குத் தெரியல. "தண்ணி அம்மாம் ஒசரம் ஏறல பாப்பா. வூடுதான் ஏறிக்கிச்சு."

பாஸ்டர் வந்த நாள்

தூக்கின வீடு பழைய வீடா, புது வீடா? சிரிக்காதீங்க, இது பெரிய பிரச்சனை. சில பேர் ஐயரைக் கூப்பிட்டு மறுபடி பால் காய்ச்சுவாங்க. சில பேர் அடுப்பை மட்டும் மாத்திப்பாங்க. எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க, ரிட்டயர்டு கணக்கு டீச்சர், அவங்க பாஸ்டரைக் கூப்பிட்டாங்க. வீடு அப்போ ஜாக்கி மேல நிக்குது. உள்ள சுவரெல்லாம் மூணு அடி மேல போயிருச்சு, தரை பழைய எடத்துலயே கெடக்கு. ஜன்னல் தலைக்கு மேல, ஸ்விட்ச் எட்டாது. பாஸ்டர் ஒரு சாரப் பலகையைப் புடிச்சுக்கிட்டு நின்னார், பாவம்.

ரொம்ப நல்ல மனுஷன் அவர். சந்தேகமா கேட்டார்: "டீச்சர், இந்த வீட்டை நான்தான பிரதிஷ்டை பண்ணேன்? திரும்பப் பண்ணலாமா? அன்னிக்குப் பண்ண ஜெபம் இருக்கும்ல?" டீச்சர் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, போர்டுல கணக்கு போடுற கொரல்லயே பதில் சொன்னாங்க. "சுவருக்குப் பண்ணது சுவரோட மேல போயிருச்சு பாஸ்டர். புதுசா வர்ற தரைக்கு மட்டும் பண்ணுங்க, போதும்."

சாம்பார் கிண்ணம்

கோமதி ஆன்ட்டியும் சாந்தி ஆன்ட்டியும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவுல இடுப்பளவு காம்பவுண்டு சுவர். இருவது வருஷமா அந்தச் சுவத்து மேல கிண்ணம் போகும், கிண்ணம் வரும். ஒரு நாள் கூட அது காலியா திரும்பினதில்லயாம். கோமதி ஆன்ட்டி வீட்டை நாங்க நாலு அடி தூக்கினோம். சாந்தி ஆன்ட்டி வீட்டுல ஏதோ குடும்பப் பிரச்சனை, தூக்கல.

வேலை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு பூச்சு வெடிச்சிருக்கான்னு பாக்கப் போனேன். கோமதி ஆன்ட்டி சமையல்கட்டு வாசல்ல நின்னு கிண்ணத்தைக் கீழ நீட்டுறாங்க. சாந்தி ஆன்ட்டி ரெண்டு கையையும் தூக்கி அண்ணாந்து வாங்குறாங்க. அவங்க என்னைப் பாத்து சிரிச்சாங்க, ஆனா சிரிப்பு முழுசா வரல. "முன்னாடி இவ மூஞ்சியைப் பாத்து வாங்குவேன். இப்போ இவ காலைப் பாத்து வாங்குறேன்."

இதைப் போய் நான் வீட்டுல சொல்லித் தொலைச்சேன். அப்பாவுக்கு அது இன்னொரு காரணமாயிடுச்சு. அவ்வளவுதான், அடுத்த ரெண்டு மாசத்துக்கு எங்க வீட்டுல ஜாக்கிங்கிற வார்த்தையையே எடுக்க முடியல.

பலகை டெஸ்ட்

ஆனி மாசம் முடியப்போகுது, மழைக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு. படி வேணாம்னா சரிவு போடலாம்னு எனக்குத் தெரியாதா? ஒரு அடி ஒசரத்துக்கு பன்னெண்டு அடி நீளம்னு புஸ்தகத்துலயே இருக்கு. நாலு அடிக்கு நாப்பத்தெட்டு அடி வேணும். எங்க வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவுல இருக்குறது பத்தே அடி. பேப்பர்ல எப்படித் திருப்பித் திருப்பி போட்டாலும் அப்பாவோட வாக்கர் நேரா ரோட்டு நடுவுலதான் போய் எறங்குது.

ஒரு ஞாயித்துக்கெழமை ராம்பால் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலைக்குச் சேந்த புதுசுல நாக்பூர்ல இருந்தவர், ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் ஹிந்தியில பேசித் தள்ளினாங்க. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு எழவும் புரியல. திடீர்னு ராம்பால் அண்ணன் எந்திரிச்சு, அப்பாவோட வாக்கரை எடுத்து அவரே ரெண்டு நடை நடந்து பாத்தார். அப்புறம் சாரப் பலகையும் செங்கலும் கொண்டு வந்து எங்க தெருவுலயே ஒரு சரிவு கட்டினார். அப்பா ஏறினார், வழுக்கிச்சு. பலகையை நீட்டினார். ஏறினார், பாதியில மூச்சு வாங்கிச்சு. இன்னும் நீட்டினார். தெருவே வெளிய வந்து நிக்குது. ஆளாளுக்கு ஐடியா. கடைசியில அப்பா நிக்காம ஏறி, நிக்காம எறங்கினார். அளந்தா ஒரு அடிக்கு பன்னெண்டு அடி! புஸ்தகக்காரன் கெட்டிக்காரன்தான்.

அதுக்கு எடம் எங்கண்ணான்னு கேட்டேன். "எல்லாரும் வீட்டுக்கு முன்னாடியே பாக்கும். பின்னாடி யார் பாக்கும்?" என்னை இழுத்துக்கிட்டு கொல்லைப் பக்கம் போனார். சமையல்கட்டுப் பின்கதவுலேர்ந்து ஆரம்பிச்சு, பின்சுவத்தோரமா போய், திரும்பி, வீட்டுப் பக்கவாட்டு சந்து வழியா கேட் வரைக்கும் டேப்பைப் புடிச்சோம். அம்பத்திரெண்டு அடி! நான் அங்கயே குதிச்சேன். துணி தொவைக்கிற கல்லையும் கறிவேப்பிலை மரத்தையும் எடுக்கணும், அவ்வளவுதான். அப்பா டேப்பைக் கையில வாங்கி, நம்பரை ரெண்டு தடவை படிச்சிட்டு, சரின்னார். ஒரே வார்த்தை. அம்மாதான் இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னாங்க. "அப்போ இனிமே வர்றவன் போறவன் எல்லாம் என் சமையல்கட்டு வழியாத்தான் வருவானா? எவனும் வெறுங்கையோட வரக் கூடாது, சொல்லிட்டேன்."

எங்க வீட்டு விசில்

ஆவணியில தூக்கினோம். அப்பாவும் அம்மாவும் எதிர் வீட்டுக் கீழ் போர்ஷன்ல இருந்தாங்க, ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு. எத்தனை வீட்டுக்குத் திருகு எண்ணியிருப்பேன்! மொத விசில் அடிச்சதும் எங்க வீட்டுலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, கதவு நெலை முனகுற மாதிரி. நான் பல்லு வெளக்கக் கத்துக்கிட்ட வீடு, அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சு வெளையாடுவேன். எனக்கு எண்ணிக்கை மறந்தே போச்சு. கண்ணுல தண்ணி வேற. எல்லா ஆளுங்களும் ஜாக்கியைப் புடிச்சுக்கிட்டு என்னையே பாக்குறாங்க. ராம்பால் அண்ணன் விசிலைக் கீழ எறக்கினார். "பாப்பா, எண்ணு. நீ அழுதா இந்தப் பக்கம் வீடு கோணை ஆகும்."

ரெட் அலர்ட்

ஐப்பசிக்குள்ள மண்ணு ரொப்பி, தரை போட்டு, சரிவும் ரெடி. மொத நாள் அப்பா டீக்கடைக்குத் தனியா போனார். பன்னெண்டு நிமிஷம் இல்ல, பத்தொம்பது நிமிஷம், வீட்டையே ஒரு சுத்து சுத்தி வரணும்ல. டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கிட்டே, "இன்னா சார், பிரதட்சணம் வுட்டுகினு வர்றியா?"ன்னாராம். அப்பா அதை எங்க கிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சார்.

அப்புறம் மழை. ரெட் அலர்ட். எங்க பக்கம் ரெட் அலர்ட்னா ஜனங்க மொதல்ல காரைக் கொண்டு போய் மேம்பாலத்து மேல வரிசையா நிறுத்திடுவாங்க, அது உங்களுக்கே தெரியும். ஆனா டூவீலருக்குப் போக்கிடம் கெடையாது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா ஸ்கூட்டியைத் தள்ளிக்கிட்டு வந்து, "சார், ரெண்டே நாள், சரிவுல நிறுத்திக்கவா?"ன்னாங்க. அப்பா சரின்னார். அதைப் பாத்துட்டு எதிர் வீடு வந்துச்சு. அவங்களைப் பாத்து தெரு மொத்தமும் வந்துச்சு. நான் ஆபீஸ்லேர்ந்து முட்டித் தண்ணியில நடந்து வந்து பாத்தா, சமையல்கட்டுக் கதவுலேர்ந்து சந்து பாதி வரைக்கும் பதினாலு வண்டி, ரெண்டு ரெண்டா, மூக்கும் வாலுமா. அதுக்குக் கீழ தண்ணி. அப்பாவால ஒரு அடி வெளிய வெக்க முடியாது. எதுக்குப் பயந்தாரோ அது நடந்துடுச்சேன்னு எனக்கு பக்குனு ஆச்சு.

உள்ள ஓடினேன். அம்மா பெரிய பாத்திரத்துல டீ போட்டுட்டிருக்காங்க. சமையல்கட்டு முழுக்க தெரு ஜனம், ஈரக் காலோட, கையில பிஸ்கெட் பாக்கெட்டு, வாழைப்பழம், ஒருத்தர் பலாச்சொளை கூட! பின்கதவு நெலையில சேர் போட்டு அப்பா உக்காந்திருக்கார். வாக்கரைக் குறுக்க போட்டு செக்போஸ்ட்டு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. "ஆக்டிவாவைச் சுவத்தோரம் தள்ளு. புல்லட்டு கீழ வேணாம், மேல கொண்டா. ஏய் சுபா, அந்தக் கதவைச் சாத்தாத, இன்னும் ரெண்டு வண்டி வருது!"

தண்ணிக்குப் பயந்து நாங்க என்னவோ எங்க ஒரு வீட்டைத்தான் தூக்கினோம், ஆனா இப்போ வானம் இருட்டினாலே எங்க தெருவுல பாதிப் பேர் வானிலை அறிக்கை கேக்குறதுக்கு முன்னாடி எங்கப்பாவுக்கு போன் போட்டு எடம் இருக்கான்னு கேக்குறாங்க.